லைன் க்ளியர்

வீரவநல்லூர் சப்ஸ்டேஷனில்
எனக்கு வேலை ஒரு நோட்டில் எழுதுவது.
யார் கேட்டது, எந்த பீடர்,
கொடுத்த நேரம்,
திருப்பிக் கொடுத்த நேரம், கையெழுத்து.

மாசானம் போனில் கேட்பான்:
'அண்ணாச்சி, பத்தமடைக்கு லைன் குடுங்க.'
லைன் குடு என்றால்
கரண்டை எடு என்று அர்த்தம்.
கல்யாணமான புதிதில் இதை உலகம்மைக்கு விளக்கப்போய்
பாதி ராத்திரி வீணாயிற்று.

மச்சினன் ஆறுமுகநயினார்
சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இருக்கிறான்.
அவன் கொடுப்பதும் லைன் க்ளியர்தான்.
அவன் கொடுத்தால் ரயில் வரும்.
நான் கொடுத்தால் எதுவும் வராது.
வரக்கூடாது.
பொங்கலுக்குப் பொங்கல் இதையே சொல்லிச் சிரிப்போம்,
கரும்புச் சக்கையைத் துப்பிக்கொண்டு.

செவ்வாய்தோறும் உலகம்மை சொல்லுவாள்,
'பத்து மணிக்கு லைனுக்கு ஆள் வரும்,
நீங்க வாசல்ல நிக்காதிய.'
அது வட்டிக்காரனின் லைன்.
தெருத்தெருவாய் பைக்கில் போவான்,
ஒரு வீடு விடமாட்டான்.
கம்பி இல்லாமலே எல்லா வீட்டுக்கும் இணைப்பு.

மகள் பத்தாம் வகுப்புக்குப் பிறகு
எங்கள் முன்னால் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை.
இங்கிலீஷ் மீடியத்தில் கணக்குப் படிக்கிற பிள்ளை
'இணைகோடு' என்கிறாள், சுத்தத் தமிழில்.
டியூஷன் வாசலில் எவனோ லைன் விடுகிறான் என்று
அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ஐப்பசி. விடிய விடிய மழை.
புளியங்கொப்பு ஒன்று கம்பிமேல் கிடந்தது.
ஆறு பத்துக்குக் கேட்டான்.
ஆறு பன்னிரண்டுக்குக் கொடுத்தேன்.
பிரேக்கர் திறந்திருந்தது.
ஐசோலேட்டர் திறந்திருந்தது. இரண்டு தடவை பார்த்தேன்.
கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்
எந்த நோட்டிலும் இல்லை.
பின்வாசல் வழியாக வந்தது அது,
நாதஸ்வரத்துக்கும் சீரியல் பல்புக்கும் போக மிச்சம்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
கருகிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
நர்ஸ் சொன்னாள், 'லைன் கிடைக்கல டாக்டர்.'
'இன்னொரு லைன் பாருங்க.'
'போட்ட லைனும் போயிட்டு.'
என் கை
சட்டைப்பையில் பேனாவைத் தேடியது.
சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பது என்று பார்த்துக்கொண்டேன்.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்,
அந்தச் சொல் கேட்டால் மணி பார்ப்பது.
கடைசியில் கணுக்காலில் ஒரு நரம்பு அகப்பட்டது.
சொட்டு விழ ஆரம்பித்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷர்.
வெள்ளைத்தாளை நீட்டினார்:
'நாலு லைன் எழுதுங்க, போதும்.'
கம்பி என்று எழுதலாம், கோடு, வரி,
தடம், வரிசை, நரம்பு.
தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்கிறது.
நான் கொடுத்தது இதில் எது என்று தெரியவில்லை.
ஒரு வரி எழுதினேன்:
நான் கொடுத்தபோது அதில் ஒன்றும் இல்லை.
அதை அவர் இரண்டு முறை வாசித்தார்.

அன்று சாயங்காலமே சேரன்மகாதேவி ஆள் வந்து
புதுப் பக்கத்தில் லைன் வாங்கி,
புதுப் பக்கத்தில் திருப்பிக் கொடுத்தான்.
பத்தமடைக்கு வெளிச்சம் போயிற்று.
பழைய பக்கத்தில்
மாசானம் பெயருக்கு நேரே கடைசிக் கட்டம் காலி.
ஆடிட்டுக்கு வந்தவரும் கேட்கவில்லை.

மாசியில் ஒரு நாள் போன்.
இடது கையால் பிடித்திருப்பான் போல,
குரல் அங்கேயும் இங்கேயும் போனது.
'அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா?'
'இருக்கேன்டே.'
ஆபீசில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்களாம்,
ரசீது எண்ணுகிற வேலை.
மூன்று விரலுக்கு அது போதுமாம்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டான்:
'அன்னைக்கு வாங்குன லைனை நான் திருப்பித் தரலேல்லா?
இப்ப மணி என்ன?'
'நாலு இருபது.'
'அப்பம் நாலு இருபதுன்னு போட்டுக்கிடுங்க.'

பேனா மூடியைத் திறந்தேன்.
எழுதவில்லை.
போனை வைக்கவும் இல்லை.