கால் அங்குலம்

பெட்டிகளில் வந்து
பள்ளத்தூர்ப் பட்டறையில் நான் பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார்
என் இடுப்புக்கும் கீழே.
வயிரவன் ஆறடி ஐந்தங்குலம்.

முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
பதிமூன்றாம் நம்பர் ஷூ
பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்தே மிதித்தது.
கழற்றச் சொன்னேன்.
சீட்டைப் பிடுங்கினேன்,
தரைத்தகட்டை வெட்டி இரண்டங்குலம் இறக்கினேன்.
அப்படியும்
மேல் கம்பிக்கும் தலைக்கும் நடுவே
விரல் நுழையவில்லை.

"இனிமே உங்க பக்கந்தான் குறைக்கணும்"
சும்மா சொன்னேன்.

தைப்பூசம் கழித்து வந்தார்.
பழனிக்கு நடந்த பாதத்தில் கொப்புளம்,
மழித்த தலையில் ஈரச் சந்தனம்.
உட்கார்ந்தார்.
நுழைந்தது,
சுண்டுவிரல்.

கானாடுகாத்தான் வரை ஓட்டிப்போனார்,
வெறுங்காலோடு.
ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன்.

வழியில் எத்தனை வேகத்தடை என்று
நான் எண்ணவில்லை.
கம்பியில் இருந்தது:
ஏழு சந்தனப் பொட்டு.