ஆற்றின் பேரில் வரவு

மார்ச் முப்பத்தொன்று. இரவு பத்தேகால்.
பேரணாம்பட்டில் கரண்ட் இரண்டு முறை போய் வந்துவிட்டது.
டாலியில் வருடத்தை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஈரோட்டுத் தோல், தூத்துக்குடி உப்பு,
சுண்ணாம்பு, குரோம், டீசல், கூலி,
தீபாவளிக்குக் கொடுத்த அரைக்கிலோ மிக்ஸர் உட்பட
எல்லாவற்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு.
பின்சுவர் ஓட்டை வழியே போன தண்ணீருக்கு மட்டும்
இருபத்திரண்டு வருடமாக நான் எதுவும் எழுதியதில்லை.
எழுதாத செலவு மறைந்துவிடாது,
வேறு யார் நோட்டிலோ ஏறியிருக்கும்.
எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் இது தெரியும்.

எஸ்தர்ராணியின் நோட்டில் ஏறியிருந்தது.
எங்கள் தோல்ஷாப்பில்தான் அவளுக்கு வேலை;
எங்கள் பின்சுவரை ஒட்டித்தான் அவள் கிணறு.
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு லாரித் தண்ணீர் வாங்குகிறாள்.
நாங்கள் கொடுத்த கூலியில்
எங்கள் செலவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மலட்டாறு என்று பெயர் வைத்தவர்கள்
எங்களைப் பார்த்ததில்லை.
பார்க்காமலே எப்படி வைத்தார்களோ.

முதலாளி முஹிப்புல்லா கெட்டவர் இல்லை.
ஜகாத்தைப் பைசா பிசகாமல் கணக்குப் போடச் சொல்பவர்.
"சுத்தம் பண்ணி விட்டா சதுர அடிக்கு நாலு ரூபா கூடுது.
பக்கத்துக்காரன் வால்வைத் திறந்து விட்டுட்டுத் தூங்கப் போறான்.
நான் மட்டும் யோக்கியனா இருந்தா
நான் மட்டும்தான் ஷாப்பை மூடணும்."
பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.
ஹாம்பர்க்கிலிருந்து அன்று வந்த மின்னஞ்சலைக் காட்டினேன்:
மரம் நட்ட படம் அனுப்பவும்.
விலையில் எட்டு சென்ட் குறைக்கவும்.
இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து.

ஆடியில் பூவிழி வந்தாள்.
மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், உதவிப் பொறியாளர்.
ஸ்கூட்டியில், இரவு இரண்டு மணிக்கு,
கூடையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்க.
எங்களிடம் மட்டும் வரவில்லை, அதுதான் புதுசு.
பத்தொன்பது ஷாப்புக்கும் போனாள்,
கவுன்சிலர் மச்சானுடையதற்கும்.
பத்தொன்பதுக்கும் சீல்.
முதலாளி கோபப்படவில்லை.
"எல்லாருக்குமா? எல்லாருக்குமா?" என்றார்.
பெரிய சுமையை இறக்கியவர் போல உட்கார்ந்தார்.

நான்காம் நாள் எஸ்தர்ராணி
முப்பது பேரோடு வாரிய அலுவலக வாசலில்:
"சீலு கதவுக்கு வெச்சீங்களா, எங்க அடுப்புக்கு வெச்சீங்களா?"
பூவிழியின் சட்டப் புத்தகத்தில்
அந்தக் கேள்விக்குப் பிரிவு எதுவும் இல்லை.
கலெக்டர் ஆபீசில் மூன்று கூட்டம், ஆறு தட்டு முந்திரி பிஸ்கட்,
பிறகு ஓர் உத்தரவு.
மூடிய நாட்களுக்கும் கூலி, முதலாளிகள் கணக்கில்.
பொதுச் சுத்திகரிப்புக்குப் பாதி அரசு, பாதி நாங்கள்.
குழாய்க்குக் குழாய் மீட்டர்.
மீட்டர் காட்டுவதைத் தினமும் கேட் சுவரில், சாக்பீஸால்,
ரோட்டில் போகிறவர் படிக்கிற மாதிரி.

ஹாம்பர்க்குக்குப் பதில் எழுதினேன்:
இதற்கு மேல் இறங்க முடியாது, பக்கத்து ஷாப்பிலும் இதே விலைதான்.
ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள்.
பிறகு ஆர்டர் வந்தது. மரத்தைப் பற்றி அப்புறம் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
சுத்திகரித்து மிஞ்சிய உப்பு
நீலத் தார்ப்பாய்க்கடியில் குன்றாகக் கிடக்கிறது;
எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று
வாரியத்துக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.
கிணறு இன்னும் டீத்தண்ணி நிறம்தான்.
மழை நாளில் சுவரில் எண் அழிந்துபோகிறது,
சில நாள் மழை இல்லாமலும்.

பதினொன்றே முக்கால்.
புதிதாக ஒரு தலைப்புத் திறக்கிறேன்: ஆறு.
எந்தக் குழு என்று டாலி கேட்கிறது.
மேடையில் எல்லோருக்கும் ஆற்றின் மேல் பற்று;
அதன் பேரில் வரவு வைக்கத்தான் ஆள் இல்லை.
நாங்கள் பணம் தர வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்தேன்,
உப்பு வியாபாரிக்கும் லாரி செட்டுக்கும் நடுவில்.
முகவரி தெரியும். ஜிஎஸ்டி எண் இல்லை.
துவக்க இருப்பு எவ்வளவு?
கர்சர் விட்டு விட்டு எரிகிறது.

காலையில் எஸ்தர்ராணியைக் கேட்க வேண்டும்.
கிணறு முதலில் நிறம் மாறிய வருடம்
அவளுக்கு நினைவிருக்கும்.