ஐந்தொகை

காலை ஆறே முக்கால்.
ராத்திரி செக்காலை ரோட்டில் டிரான்ஸ்பார்மர் வெடித்ததாம்,
ஜெனரேட்டரில் டீசல் இல்லையாம்,
திரும்பி வந்த கரண்ட் கொஞ்சம் அதிகமாகவே வந்ததாம்.
வாட்ச்மேன் இதைச் சொல்லும்போது
என் முகத்தை விட்டுவிட்டு என் செருப்பைப் பார்த்தார்.
இன்குபேட்டர் முப்பத்தேழு காட்ட வேண்டும்.
ஐம்பத்தொன்று காட்டியது.

உள்ளே இரண்டு தட்டு.
இடது தட்டில் விழித்திரைச் செல்கள்.
சர்க்கரை கூடினால் தாமாகவே செத்துப்போகிறவை.
சாகாதே சாகாதே என்று மூன்று வருடமாக
மருந்துக் குப்பிகளோடு அவற்றின் பின்னால் அலைகிறேன்.
வலது தட்டில் பிரின்சியின் செல்கள்.
அவற்றுக்குச் சாவு மறந்துவிட்டது.
செத்துத் தொலையேன் என்று அவற்றிடமும்
அதே மூன்று வருடம்.
இரண்டிலும் ஒரே நொதிதான்,
இங்கே அதன் கையைப் பிடித்து இழுக்கிறேன்,
அங்கே உசுப்பிவிடுகிறேன்.
இதற்கு அரசாங்கம் மானியம் தருகிறது.

பிரின்சி, தேவகோட்டை.
தம்பியின் ஞானஸ்நானத்தன்று செல்போனில் எடுத்த படத்தில்
ஒரு கண் சிவப்பு, ஒரு கண் வெள்ளை.
பூனைக்கண் என்று பந்தியில் சிரித்தார்கள்.
அப்பா சவரிமுத்துவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை,
எத்தனையோ தலைவர்களின் கண்ணில்
சிவப்பை எடுத்துவிட்ட மவுஸ் அவருடையது.
மகள் கண்ணின் வெள்ளையையும் எடுத்தார்.
அடுத்த படத்திலும் வந்தது.
அதற்கடுத்ததிலும்.

மதுரையில் கண்ணை எடுத்தார்கள்.
மிளகளவு திசு,
ஐஸ் பெட்டியில், அரசு பஸ்ஸில்,
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து எனக்கு வந்தது.

ஒழுங்காகச் சாகிற ஒரு செல்லை
நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.
முதலில் பக்கத்தில் இருப்பவர்களின் கையை விடும்.
சுருங்கும்.
தன் எழுத்தையெல்லாம் தானே நறுக்கிப் போடும்.
உட்பக்கத்துக் கொழுப்பொன்றை வெளியே திருப்பிக் காட்டும்,
இனி என்னைத் தின்னலாம் என்று.
பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்து
பக்கத்துச் செல்லின் வயிற்றுக்குள் போய்விடும்.
வீக்கமில்லை. துக்கம் கேட்க யாருமில்லை.
கருவில் நம் கை துடுப்பாகத்தான் இருந்தது,
இடையில் இருந்தவை இப்படிப் போனதால் விரல்.

லேசரைக் கடக்கும் ஒவ்வொரு செல்லும்
திரையில் ஒரு புள்ளி.
எங்கள் பக்கத்துக் கோயில் கணக்கில்
கல்யாணம் ஆனால்தான் ஒரு புள்ளி.
நாற்பத்துமூன்று வயதில் எந்தப் பேரேட்டிலும் விழாத நான்
நாளொன்றுக்குப் பத்தாயிரம் புள்ளி எண்ணாமல்
மத்தியானச் சோறு எடுப்பதில்லை.

இன்று எண்ண வேண்டியிருக்கவில்லை.
மைக்ரோஸ்கோப்பின் கீழ்
இடதும் வலதும் ஒரே மாதிரி ஊதி, வெடித்து,
குடல் சரிந்து கிடந்தன.
ஐம்பத்தொரு டிகிரியில்
யாரும் ஒழுங்காகச் சாவதில்லை.

வலது தட்டு, நூற்றுக்கு நூறு.
என் மருந்து எதுவும் இதுவரை தொடாத எண்.
நோட்டில் எழுதினேன்: இறப்பு, முழுதும்.
அடுத்த கட்டத்தில்: கணக்கில் சேராது.
பர்மாவில் கடை வைத்திருந்த ஐயாவின் ஐயா
ஒரு காலணா உதைத்தாலும்
ஐந்தொகை நேராகும்வரை விளக்கை அணைக்கமாட்டாராம்.
எனக்கு நேராகவே வந்திருக்கிறது,
இந்தப் பக்கம் பூஜ்யம், அந்தப் பக்கம் பூஜ்யம்.

ஒவ்வொரு ஆவணியிலும் சவரிமுத்து போன் பண்ணுவார்.
பிரின்சி மூணாவது போறா மேடம்,
கண்ணாடிக்கண்ணை அவளே கழுவி வச்சுக்கிறா.
பிறகு குரலைத் தணித்து,
மேடம், அது இன்னும் இருக்கா?
அது என்றால் கண்ணா, நோயா,
நான் கேட்டதில்லை.
இருக்கு என்பேன்.
மறுமுனையில் ஒரு மூச்சு.
நிம்மதியா பயமா என்று பிரித்துக் காட்ட
என்னிடம் சாயம் இல்லை.

நைட்ரஜன் கேனைத் திறந்தேன்.
வெண்புகை கையுறையில் ஏறியது.
பிரின்சியின் பெயருக்கு மூன்று குப்பி மிச்சம்.
ஒன்றை எடுத்து வெதுவெதுப்புத் தண்ணீரில் ஆட்டினேன்,
கடுகளவு பனி மிஞ்சும்வரை, ஒரு நிமிடம்,
வா, வா, உயிரோடு வா என்று
யாரிடம் சொல்கிறோம் என்பது தெரிந்தே.

கதவருகே வாட்ச்மேன்,
டீசல் கேனோடு.
எவ்வளவும்மா ஊத்த?

நிறைய, என்றேன்.