விளிம்பில் ஒரு தட்டு

தோளைத் தைத்து முடித்த மருத்துவர் சொன்னார்:
பள்ளிக்கூட பஸ் ஓட்டலாம்,
மூஸ் மான் துப்பாக்கி ஓராண்டுக்கு ஆகாது.
வேட்டைக் குழுவில் என் இடம்
ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆளுக்குப் போயிற்று.
அக்டோபர் முழுக்க
அவர்கள் ஊற்றிய சூப்பைக் குடித்து
அவர்கள் சொன்ன கதைக்குத் தலையாட்டினேன்.

ஏப்ரலில்
இரும்பு அலமாரியைத் திறந்து எண்ணெய் போடுகையில்
பெரியவற்றின் பின்னால், சுவரோடு ஒட்டி,
குழுப் புகைப்படத்தில் முகம் மறைந்த ஒல்லிப் பையன் மாதிரி
நின்றிருந்தது
பாயிண்ட் டூ டூ.

ஐம்பது தோட்டா உள்ள பெட்டி
உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது.
விலை, இரண்டு காப்பியும் ஒரு ஏலக்காய் பன்னும்.
பெரியதில் நான் ஒரு தடவை விசை இழுத்தால்
இதில் பாதிப் பெட்டி காலி.
இத்தனை வருஷம்
கணக்கு தெரியாதவளாகவா இருந்தேன்?

மஃபின் தட்டில் தண்ணீர் ஊற்றினேன்.
குழிக்கு ஒரு லிங்கன்பெரி.
ஒவ்வொன்றிலும் ஒரு நூல்முனையை அமிழ்த்தி
இரவு வெளியே வைத்தேன்.
விடிந்தால் பன்னிரண்டு கண்ணாடி வில்லைகள்,
நடுவில் சிவப்புப் பொட்டு.

சரளைக்குழிக்கு இல்போவும் வந்தான்,
தங்கை புருஷன்.
முந்நூறு மீட்டருக்குக் குறைந்தால்
அது சுடுவதே இல்லை என்பவன்.
முக்காலி, நோட்டுப் புத்தகம், காற்றுமானி.
"வடமேற்கு, நொடிக்கு இரண்டு மீட்டர்" என்றான்.
"இருபத்தைந்து எட்டு தூரத்துக்கு
காற்றுக்கு என்ன வேலை" என்றேன்.

மணல்மேட்டை ஒட்டி ஒரு கழி நட்டு
வில்லைகளை வரிசையாகக் கட்டினோம்.
காதுமூடி. மூச்சு. பாதி மூச்சு.

சுள்ளி ஒடிந்த சத்தம்.
தோளில்
யாரோ ஒற்றை விரலால் கூப்பிட்ட மாதிரி.
திரும்பிப் பார்க்கக்கூட இருந்தேன்.
அங்கே வில்லை இல்லை,
வெயிலில் ஒரு கைப்பிடி மினுக்கு,
ஈர மணலில் ஒரு சிவப்புப் பழம்.

தைத்த இடம் ஒன்றும் சொல்லவில்லை.

இல்போ முதலில் தவறவிட்டான், எழுதிக்கொண்டான்.
இரண்டாவதையும் எழுதினான்.
மூன்றாவது உடைந்தபோது
பென்சில் சேற்றில் விழுந்தது,
அவன் எடுக்கவில்லை.
நாற்பத்தாறு வயசு வரித்துறை ஆள்
"இன்னொண்ணு, இன்னொண்ணு" என்கிறான்.

என் முறை.
க்ளிக்.

குழல் மணல்மேட்டைப் பார்த்தபடியே இருக்க
முப்பது எண்ண வேண்டும், அது விதி.
பதினொன்றில் கண் கலங்கியது, குளிரால்தான்.
பத்தொன்பதில்
காதுமூடியையும் மீறி ஏதோ துருப்பிடித்த கதவு.
தெற்கிலிருந்து கொக்குகள்,
இந்த வருஷத்து முதல் சோடி,
எங்கள் தலைக்கு நேர் மேலே.
இருபது சொல்ல மறந்தேன்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்,
யாருக்கும் அவசரமில்லை.

தோட்டாவை வெளியே எடுத்தேன்.
பின்புற ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம்.
பெரியவற்றுக்கு நட்டநடுவில் குத்த வேண்டும்.
இதற்கு அப்படி இல்லை,
வெடிப்பதெல்லாம் விளிம்பில்தான் ஒளிந்திருக்கிறது.
ஒரு பக்கம் பேசாவிட்டால்
கொஞ்சம் திருப்பிப் போட்டுத் தட்டிப் பார்க்கலாம்.

திருப்பிப் போட்டேன்.

வில்லை உடையவில்லை. நூல் அறுந்தது.
முழுசாக விழுந்து, சரிவில் உருண்டு,
இன்னொரு கல்லாக உட்கார்ந்தது.
இல்போ இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.
"அதைத்தான் குறி வைத்தேன்" என்றேன்.
"பொய்" என்றான்.
பொய்தான்.

துப்பாக்கியைத் திறந்து, காலி என்று காட்டி, கீழே வைத்துவிட்டு
வில்லையைப் பொறுக்கி வந்தோம்.
அவன் மணலைத் துடைத்து
ஓரத்தைக் கடித்தான்,
பழம் வரை.
முகம் புளிப்பில் சுருங்கியது.

பித்தளைக் கூடுகளை டப்பாவில் கொட்டினேன்.
காற்றுமானி
முக்காலியின் மேல் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
"வீட்டில் மஃபின் தட்டு எத்தனை இருக்கு?"
என்று கேட்டான் அவன்,
வாயில் பனியோடு.