பிற விடயங்கள்

ஓல்டனுக்கென்று யாரும் வருவதில்லை;
எல்லோரும் இங்கே இறங்கி மாறி ஏறுகிறார்கள்.
அதனால்தான் எங்கள் சங்கமும் இங்கே கூடுகிறது.
பாசல், பேர்ன், சூரிச், எங்கிருந்தும் அரைமணி.
கூர் நகரத்து ரேட்டோவுக்கு மட்டும் அநியாயம்.

ரயில் நிலையத்துக்கு மேல்மாடி, அறை மூன்று,
இரண்டு மாதத்துக்கொரு வியாழன்.
உண்ண மறுப்பவர்களோடும்
உண்டதை ஒளித்துக் கக்குபவர்களோடும்
பகலைக் கழிக்கிற பதினொரு பேர்.
நடுவில் ஒரு தட்டு: கொட்டை அரைத்து வைத்த
கிப்ஃபெல், பிறை பிறையாய்.

வேறு எந்தத் தொழிலின் கூட்டத்திலும்
தட்டுத்தான் முதலில் காலியாகும்.
நாங்களோ பார்க்காததுபோல் பார்க்கிறோம்
யார் பாதியாய்ப் பிய்க்கிறார்,
யார் விரலை மூன்றுதரம் துடைக்கிறார்.
பழக்கதோஷம்.
ஒடீல் ஒருமுறை சொன்னாள்:
இந்த மேசையில் தின்பது
பல்வைத்தியர்கள் முன்னால் சிரிப்பது மாதிரி.

இன்று குறிப்பெழுதும் முறை என்னுடையது.
சந்தா ஐந்து பிராங் கூடுகிறது;
ஏழு கை மேலே, இரண்டு எதிர்ப்பு,
இரண்டு மேசைக்கடியில் கைத்தொலைபேசியோடு.
காப்புறுதிக்காரருக்கு மூன்றாவது கடிதம்.
பிறகு தமிழ்த் துண்டுப்பிரசுரம்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பசியின்மை என்கிறது அகராதி.
பொய்.
ஆறாம் அறைப் பிள்ளைக்குப் பசியிருக்கிறது.
அது அவளோடு ஒரே கட்டிலில் படுக்கிறது,
நள்ளிரவில் சமையல் காணொளி பார்க்கிறது.
ஒவ்வொரு நாளும் அவள் அதை வெல்கிறாள்.
அந்த வெற்றிக்குத்தான் மருந்து தேடுகிறோம்.
உணவுக் கோளாறு என்று போட்டால்
மீன் பழுதாக்கும் என்று நினைப்பார்கள்.
அவளுடைய அம்மா முதல்நாள்
கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார்:
"முந்தி வெள்ளி மட்டும்.
இப்ப பிள்ளை எல்லா நாளும் விரதம்."
விரதமென்றால் பாறணை இருக்குமே அம்மா,
இதில் எங்கே பாறணை
என்று கேட்க எனக்கு நாலு கிழமை எடுத்தது.

இதையெல்லாம் ஜெர்மனில் சொன்னேன். பாதிதான் வந்தது.
எங்கள் ஆட்கள் கண்டவுடன் கேட்பது, சாப்பிட்டியோ.
போகும்போது சொல்வது, நல்லா மெலிஞ்சிட்டாய்.
இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை
எந்தக் கதவால் வெளியே போகும்?
அன்னெலீஸ் கைகளைக் கோத்துக்கொண்டு
"என்ன அழகான மொழி" என்றாள்.
நான் அழகைச் சொல்லவில்லை.
குறிப்பில் எழுதினேன்: சொல் நிலுவையில்.

கடைசியில் எப்போதும் பிற விடயங்கள்.
வழமையாய் யாரோ மறந்துபோன குடை,
அடுத்த கூட்டத்துக்கு யார் பால் வாங்குவது.
இன்று ரேட்டோ கண்ணாடியைக் கழற்றினார்.
"பதினைந்தாம் திகதி" என்றார்.
கொஞ்சம் பொறுத்து, "இரண்டு வருசம்" என்றார்.
அந்த வாக்கியத்தின் மிச்சம்
அறையில் எல்லோருக்கும் தெரியும்.
கீழே சரக்கு ரயிலொன்று
பெட்டி பெட்டியாய்ப் போய்க்கொண்டேயிருந்தது.
கோப்பைகள் சாசரில் நடுங்கின.
எண்கள் சொல்வதில்லை என்பது இங்கே விதி.
அவர் வயதைச் சொன்னார்.
யாரும் தடுக்கவில்லை.

ஒடீல் தட்டை அவர் பக்கம் தள்ளவில்லை.
எங்கள் தொழிலில் பாதி அதுதான்,
தள்ளாமல் இருக்கத் தெரிவது.
அவரே ஒன்றை எடுத்தார்.
முழுதாய்த் தின்றார், தாடியெல்லாம் சீனி.
பத்துப் பேரும் ஜன்னலுக்குத் திரும்பி
ஆரே ஆற்றைப் பார்த்தோம்,
அது ஏதோ புதிதாய் வந்ததுபோல்.

"இதை எழுதவேண்டாம்" என்றார் என்னிடம்.
எழுதவில்லை.
பிற விடயங்கள்: இல்லை.
அடுத்த கூட்டம்: மார்ச் பதின்மூன்று. பால்: நான்.

சூரிச் ரயில் நாலு நிமிடம் தாமதம்.
அவருடைய நடைமேடையில்
கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றோம்.
எங்களில் எட்டுப் பேரின் ரயில்
வேறு நடைமேடைகளில்.