நூற்று நாற்பது மணி

சமையல் மேசைமேல் தராசு.
காபிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு
குண்டுகளை ஒவ்வொன்றாய் நிறுக்கிறேன்.
நூற்று நாற்பது. நூற்று நாற்பது.
நூற்று முப்பத்தொன்பதே முக்கால். அதைத் தனியே வை.

முன்பு வாற்கோதுமை மணிகளை
மறுதட்டில் இட்டு நிறுத்தார்களாம்.
இன்றும் குண்டின் எடையை மணியில்தான் சொல்கிறோம்.
சன்னலுக்கு வெளியே அதே வாற்கோதுமை
தலை சாய்த்துக் கிடக்கிறது.
தோர்கில்ஸ் அறுக்கவில்லை.
அண்ணனுக்கு இது துருவமான் பருவம்.

துப்பாக்கி ஒன்று, ஆள் இரண்டு.
டிராக்டரையும் படகையும் உயிலில் பிரித்த அப்பா
இதைப் பிரிக்க மறந்துவிட்டார்.
குழலுக்குள் எட்டு அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று.
நீண்ட குண்டுக்கு அந்தத் திருகல் வேண்டும்;
இல்லையேல் வழியிலேயே குப்புறப் புரண்டு
காகிதத்தில் சாவித்துவாரம் போல விழும்.

என்னுடையது நெடிய மூக்கு,
படகின் பின்புறம் போல ஒடுங்கிய அடி,
நுனியில் ஓர் ஊசித்துளை.
காற்று தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கும்.
ஆயிரம் மீட்டரில் சோற்றுத்தட்டளவு வட்டத்துக்குள் ஐந்தும்.
போன கோடையில் வெள்ளிக் கரண்டி தந்தார்கள்.
அதில்தான் சர்க்கரை கலக்குகிறேன்.

அவனுடையது குட்டை. மழுங்கிய மூக்கு,
முனையில் வெளுத்த ஈயம்,
நூற்று ஐம்பத்தாறு மணி.
முந்நூறு மீட்டர் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும்.
ஆனால் சதைக்குள் போனதும்
மழைக்காளான் போல விரியும்.
"உன்னுடையது வழிப்போக்கன்" என்பான்.
"சிலநாள் ஒரு வாசலில் நுழைந்து
மறுவாசலில் போய்விடும்.
சிலநாள் தோலிலேயே நொறுங்கும்.
இன்றைக்கு எது என்று
அதற்கே தெரியாது."
நான் காகிதத்தை மட்டுமே கொன்றவள்.
சிரித்துவைத்தேன்.

செப்டம்பரில் அவன் காலை முறித்துக்கொண்டான்.
மலையில் அல்ல, ஏணியில்.
வலியைவிட அதுதான் அவனுக்குக் கடுப்பு.
அனுமதிச்சீட்டில் என் பெயரும் இருந்தது.
"போய் வா, குன்வோர். பெட்டி மேல்தட்டில்."

பீடபூமியில் மேகம் முழங்காலளவு.
ஈரப்பாசியில் வயிறு பதித்துப் படுத்தேன்.
இருநூற்று நாற்பது மீட்டரில்
தனித்து நின்றது ஒரு பெண்மான்.
(இந்த இனத்தில் பெண்ணுக்கும் கொம்புண்டு.)
வலக்கன்னத்தில் குளிர், நொடிக்கு நான்கு மீட்டர் காற்று.
கணக்கு தானாய் வந்தது.
விரலும் விசைக்கு வந்தது.

அப்போதுதான் கேட்டுக்கொண்டேன்:
சற்றுமுன் உள்ளே போன தோட்டாவின் நுனி
எப்படி இருந்தது?
கையுறை போட்டிருந்தேன். பார்க்கவில்லை.
என் காலிப்பெட்டிகளில்தான் அவனும் அடுக்குகிறான்,
எதிலும் எழுதுவதில்லை.
அவளுடைய விலா விரிந்து ஒடுங்கியது.
வாயோரம் ஆவி.

பூட்டைப் பின்னுக்கு இழுத்தேன்.
அந்தச் சின்ன உலோகச் சத்தத்துக்கு
நாற்பது தலைகள் நிமிர்ந்தன.
பாசியில் விழுந்ததைத் துழாவி எடுத்தேன்.
நுனியில் ஊசித்துளை.
கூட்டுக்குள் மீதி மூன்று:
ஈயம், ஈயம், ஈயம்.

நிமிர்ந்தபோது மேகம் மட்டும் இருந்தது,
அதற்குள் எங்கோ
குளம்பு மூட்டுகளின் சொடக்குச் சத்தம்.

"சுட்டாயா?"
"இல்லை."
"தூரமோ?"
"ரொம்பக் கிட்டே."
கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தவன்
மேற்கொண்டு கேட்கவில்லை.
பெட்டியை மேசையில் கொட்டினேன்.
அவன் தோட்டாக்களின் அடியில் ஒவ்வொன்றாய்
என் சிவப்பு நகப்பூச்சைத் தொட்டுவைத்தேன்.
"அசிங்கமாய் இருக்கிறது" என்றான்.
என்றாலும் காய்கிறவரை ஊதிக்கொடுத்தான்.

அந்த ஒற்றைத் தோட்டாவைப் பிரித்துத்
தராசில் வைத்தேன்.
நூற்று நாற்பது.
மிகச் சரியாக.