ஏழு விநாடி

ப்ர்னோவில், ட்ராம் திரும்பும் தெருவில்,
எனக்கும் ஜூக்கலுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.
பதினோரு ஆண்டு.
மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு வணக்கம், அவ்வளவே.
ஆனால் ஞாயிறு இரவு எட்டரைக்கு
அவர் இசைத்தட்டில் ஊசியை இறக்கும் கரகரப்பு
என் தலையணைக்குள்ளேயே கேட்கும்.

துவோர்ஷாக். நால்வர் வாசிப்பது.
முதலில் எரிச்சல்தான்.
மூன்றே முக்காலுக்கு எழுந்து
ட்ராம் ஓட்டப் போகிறவளுக்கு எதற்கு வயலின்?
துடைப்பக் கட்டையால் சுவரை இடித்திருக்கிறேன், இரண்டு முறை.
பிறகு எப்போதென்று தெரியாது,
எட்டேகாலுக்கே கெண்டியை இறக்கிவைக்கத் தொடங்கினேன்,
கொதி ஓசை குறுக்கே வராமல்.

தட்டில் ஒரு கீறல்.
மெதுவான பகுதியில் செல்லோ படியிறங்கிப் போகும்,
பாதியில்
டக்
சட்டென்று முற்றத்தில் நிற்கும்.
எனக்கு அதுதான் பாட்டு, டக்கும் சேர்த்து.
வண்டி தண்டவாளம் மாறும்போது முணுமுணுப்பேன்,
சக்கரமும் அங்கே அதையேதான் சொல்லும்.

போன நவம்பரில்
தொழிற்சங்கக் குலுக்கலில் ஒரு நுழைவுச்சீட்டு விழுந்தது.
அரங்கில் நாலு பேர், எட்டு முழங்கை.
செல்லோ இறங்கியது. டக்குக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
இன்னும் படிகள் இருந்தன.
வயோலா கூடவே இறங்கியது,
இருட்டில் யாரோ விளக்குப் பொத்தானைத்
தடவித் தேடுவதுபோல ஒரு தயக்கம்,
மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ,
அப்புறம்தான் முற்றம்.
மொத்தம் ஏழு விநாடி இருக்கும்.
இத்தனை ஆண்டாக இது அந்த மனுஷனுக்குக் கிடைக்கவில்லையே
என்று, கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு
வெளியே வந்தேன்.

கீறலில்லாத தட்டு ஒன்று வாங்கி
அவர் கதவுப் பிடியில் பையோடு மாட்டினேன்.
ஞாயிறு எட்டரை: முழுசாகக் கேட்டது.
ஏழு விநாடியும் செங்கல் தாண்டி வந்தது.
நாற்காலி நகரும் ஓசை. பிறகு
வெகுநேரம் ஒன்றுமில்லை.

திங்கள் மதியம் பை என் கதவில் தொங்கியது.
உள்ளே அதே தட்டு, ஒரு ஜாடி ஊறிய வெள்ளரிக்காய்,
மின்கட்டணச் சீட்டின் பின்பக்கம் பென்சிலில்:
"நன்றி. நல்ல தட்டு.
எனக்குத்தான் கொஞ்சம் நீளம்."

வெள்ளரிக்காயில் உப்பு தூக்கல். தின்று தீர்த்தேன்.

அடுத்த ஞாயிறு செல்லோ இறங்கியது.
டக்.
அவர் முற்றத்துக்குப் போய்விட்டார்.
நான் இன்னும் படியில்,
ஒரு கை சுவரில்.